வாசித்தவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஃபியூஷன், எலெக்ட்ரானிக், ராக் ஆல்பங்களைப் பற்றி வந்த அரைப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். சினிமாப் பாட்டும் டிசம்பர் கச்சேரியும் இல்லாத இசைக்குத் தமிழ்ப் பத்திரிகையில் அரைப் பக்கம் கிடைப்பதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் ஒரு குறை. ஐந்தாறு ஆல்பங்களைச் சொல்லியிருந்தீர்கள், எல்லாவற்றுக்கும் அட்டைப்படம் போட்டீர்கள், அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரையும் சொன்னீர்கள், கூட வாசித்தவர்கள் அத்தனை பேரும் ‘மற்றும் குழுவினர்’ ஆகிவிட்டார்கள். அந்தக் குழுவினரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் பாட்டுக் கற்றவன் இல்லை. மோகனம், ஹிந்தோளம் தாண்டி ராகம் கேட்டால் விழிப்பேன். ஆனால் கேட்கிற ஆல்பங்களைப் பற்றி ஒரு நோட்டில் எழுதிவைக்கிற பழக்கம் ரொம்ப வருஷமாக இருக்கிறது. ஆல்பத்தின் பெயர், வந்த ஆண்டு, யார் எதை வாசித்தார்கள், கேட்டபோது என்ன தோன்றியது, அடுத்து என்ன கேட்பது, அவ்வளவுதான் கட்டங்கள். கடைசிக் கட்டம் எப்போதும் மூன்றாவது கட்டத்திலிருந்துதான் நிரம்புகிறது. ஒரு பெயர் பிடித்துப்போகும், அவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று தேடுவேன், அங்கே இன்னொரு பெயர் இருக்கும். எனக்கு யாரும் வழிகாட்டவில்லை, பின்னட்டைகள்தான் காட்டின.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். பீட்டர் கேப்ரியலின் ‘பேஷன்’, 1989. மார்ட்டின் ஸ்கார்செஸியின் ஏசு படத்துக்குப் போட்ட பின்னணி இசை, அதைத் தனி ஆல்பமாக வளர்த்து வெளியிட்டார். கேப்ரியலைத் தெரியாதவர்களுக்கு: ஜெனிசிஸ் என்ற ராக் குழுவின் பழைய பாடகர், பல நாட்டு இசைக்காக வோமாட் என்ற விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1982இல் நடந்த முதல் விழாவிலேயே பெரிய கடன், அதை அடைக்க, விட்டுவந்த குழுவோடு திரும்பச் சேர்ந்து ஒரே ஒரு கச்சேரி செய்தார் (இந்தக் கதை எனக்கு அவருடைய சில பாட்டுகளைவிடப் பிடிக்கும்). ‘பேஷன்’ ஆரம்பிப்பதே ஆர்மீனியாவின் டுடுக் என்ற குழலில்தான். அப்புறம் பாகிஸ்தானின் நுஸ்ரத் ஃபதே அலி கான் குரல் வரும், செனகலின் யூசு என்டூர் வருவார், எகிப்து, துருக்கி, பிரேசில் என்று தாளங்கள் மாறிக்கொண்டே போகும். பேச்சே இல்லாத ஆல்பம், இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

இவ்வளவு பேரையும் வைத்து ஒரு படம் முடித்தவர் அதோடு விடவில்லை. அதே ஆண்டில் ‘பேஷன் சோர்சஸ்’ என்று இரண்டாவது ஆல்பம் ஒன்றைத் தன் ரியல் வேர்ல்ட் நிறுவனத்திலிருந்து கொண்டுவந்தார். தனக்கு ஊற்றாக இருந்த பாடகர்கள், வாத்தியக்காரர்கள், நாட்டுப்புற இசை எல்லாம் அவர்கள் பெயரிலேயே அதில் இருக்கின்றன. எங்கிருந்து எடுத்தேன் என்று காட்டுவதற்கே ஒரு ஆல்பம். இதை இன்னும் நிறையப் பேர் செய்திருக்கலாம்.

‘பேஷ’னின் பின்னட்டையில் எனக்கு இரண்டு பெயர்கள் மாட்டின. ஒன்று எல். சங்கர், வயலின். இன்னொன்று ஜான் ஹாசெல், டிரம்பெட்.

சங்கரைப் பிடித்துக்கொண்டு போனால் ‘சக்தி’ என்ற ஃபியூஷன் குழுவுக்கு வந்து நிற்பீர்கள். வயலின் வித்வான் வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. அப்பா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர் என்பதால் பிள்ளைகளின் சிறுவயது இலங்கையில் கழிந்தது. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் சவுத்ஹாம்டன் என்ற ஊர்க் கல்லூரியில் ஒரு கச்சேரி. ஜான் மெக்லாஃப்லின் கிடார், சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராம்நாட் ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். அந்தப் பதிவுதான் அடுத்த ஆண்டு முதல் ஆல்பமாக வந்தது. மூன்றே உருப்படிகள். கடைசி உருப்படி கிட்டத்தட்ட அரை மணி நேரம், அதன் தலைப்பை எழுதினால் உங்கள் பத்தியில் இரண்டு வரி போய்விடும்.

அதற்கு முன்னால் மெக்லாஃப்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் காது கிழிய மின்கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாதாரண மரக்கிடாரை எடுத்தார். வெறும் ஆசையில் வந்தவர் இல்லை, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தவர். பிறகு அவருக்காகவே ஒரு கிடார் செய்தார்கள், கிடாரின் கழுத்தில் மெட்டுகளுக்கு நடுவில் மரத்தைக் குடைந்து, வீணையில் இழுப்பதுபோல் தந்தியை அழுத்தி இழுக்க வசதியாக, சுருதிக்கென்று குறுக்கே தனித் தந்திகளும் வைத்து. கமகம் வர வேண்டும் என்றால் வாத்தியத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இந்த ஆல்பத்தின் மூலமாகத்தான் உறைத்தது. இன்று மேடையில் கீபோர்டில் நாலு கார்டு பிடித்து, பக்கத்தில் ஒரு மிருதங்கத்தை உட்காரவைத்து, ஃபியூஷன் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் குடைந்த கிடார் ஞாபகம் வருகிறது.

ஆல்பத்தின் தலைப்பிலேயே மெக்லாஃப்லின் பெயர் உண்டு. தவறில்லை, அமெரிக்காவில் அவர் பெயரைச் சொன்னால்தான் விற்கும். ஆனால் அதைக் கேட்டுவிட்டு நான் நோட்டில் எழுதியது கடத்தைப் பற்றித்தான். தபலாவும் மிருதங்கமும் ஓடிப்பிடித்து விளையாடும்போது அடியில் கடம் என்ன செய்கிறது என்று மட்டும் கவனித்து ஒரு முறை முழுதாகக் கேளுங்கள், வேறு ஆல்பம் கேட்ட மாதிரி இருக்கும். விநாயக்ராமின் பெயர் அங்கிருந்து ‘பிளானட் டிரம்’ என்ற 1991 ஆல்பத்துக்குக் கொண்டுபோயிற்று. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட், நைஜீரியா, பிரேசில், போர்ட்டோ ரிக்கோ என்று பல ஊர்த் தாளக்காரர்களைக் கூட்டிச் செய்தது. உலக இசை ஆல்பத்துக்கென்று முதன்முதலாக ஏற்படுத்திய கிராமி விருது 1992இல் இதற்குத்தான் போனது. அந்தக் கூட்டத்தில் நம் கடமும் இருந்தது. 2024இல் ‘சக்தி’ தன் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்காக கிராமி வாங்கியபோது குழுவில் அவர் மகன் செல்வகணேஷ் இருந்தார். இதெல்லாம் பின்னட்டை படித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடியது.

சரி, அந்த இன்னொரு பெயர். ஜான் ஹாசெல் அமெரிக்கர், மெம்ஃபிஸ்காரர். ஹிந்துஸ்தானியில் கிரானா பாணிப் பாடகரான பண்டிட் பிராண்நாத்திடம் படித்து, குரலில் வருகிற இழைவை டிரம்பெட்டில் கொண்டுவர முயன்றவர். 1980இல் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோவோடு சேர்ந்து ‘ஃபோர்த் வேர்ல்ட்: பாசிபிள் மியூசிக்ஸ்’ என்று ஒரு ஆல்பம். டிரம்பெட்டின் ஒலியை ஒரு மின்கருவிக்குள் செலுத்தி ஒன்றை இரண்டு மூன்றாக்கியிருக்கிறார், மூச்சுக்காற்றும் சேர்ந்து கேட்கும். ஒருநாள் இரவு ஹெட்போன் இல்லாமல் போட்டபோது உள்ளறையிலிருந்து, “யார் வீட்டுல சங்கு ஊதுறாங்க?” என்று கேள்வி வந்தது. அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை, அப்படியே நோட்டில் எழுதிவைத்தேன்.

ஹாசெலிடமிருந்து இரண்டு பக்கம் போகலாம். அவர் ஜெர்மனியின் கொலோனில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தபோது கூடப் படித்த ஹோல்கர் சூக்காய், இர்மின் ஷ்மிட் இருவரும்தான் பின்னாளில் ‘கேன்’ என்ற ராக் குழுவைத் தொடங்கினார்கள். அந்தக் குழுவின் ‘ஏகே பாம்யாசி’ (1972) அட்டையில் இருப்பது ஒரு வெண்டைக்காய் டின். துருக்கிக் கடையில் விற்கும் வெண்டைக்காயைத் தலைப்பாகவும் வைத்து, உள்ளே யாக்கி லீபட்சைட் நிறுத்தாமல் டிரம்ஸ் அடிக்க, மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்தபோது கூட்டிவந்த ஜப்பானியர் டாமோ சுசுகி அதன்மேல் முணுமுணுக்க, இன்றைக்குக் கேட்டாலும் போன வாரம் வந்த ஆல்பம் போலிருக்கிறது. ஆனால் என் நோட்டில் சூக்காய்க்கு ஒரு கேள்விக்குறியும் உண்டு. ‘கேன்’ புகழ் பெறுவதற்கு முன், 1969இல், ‘கனாக்சிஸ்’ என்று ஒன்று செய்தார். ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, சுழலவிட்டு, அதன்மேல் இரண்டு வியட்நாமியக் குரல்களை மிதக்கவிட்டிருப்பார். அவ்வளவு அழகு. பாடியவர்கள்? பெயர் தெரியாத வியட்நாமியர்கள் என்று போட்டிருக்கிறது. அந்த நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த வருஷம் அது.

இன்னொரு பக்கம் ஈனோ. 1981இல் அவரும் டாக்கிங் ஹெட்ஸ் என்ற ராக் குழுவின் டேவிட் பைர்னும் சேர்ந்து ‘மை லைஃப் இன் த புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்’ செய்தார்கள். இருவரும் பாடவில்லை. வானொலியில் கத்துகிற அறிவிப்பாளர், பேயோட்டுகிற பாதிரியார், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத் தீவுகளின் தேவாலயப் பாடகர்கள், லெபனான் மலைநாட்டுப் பாடகி, இவர்களின் பதிவுக் குரல்களைத் தாளத்தோடு பொருத்தினார்கள். இன்று மடிக்கணினியில் பள்ளிப் பையன் செய்கிற வேலை, அன்று இரண்டு டேப் இயந்திரங்களைச் சேர்த்து ஓடவிட்டு, குரலும் தாளமும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்ப முயன்று செய்தது. பின்னால் வந்த எத்தனையோ எலெக்ட்ரானிக் ஆல்பங்களுக்கு இதுதான் மூத்தது. குர்ஆன் ஓதுதலை வைத்துச் செய்த ஒரு உருப்படியை, எதிர்ப்பு வந்ததும் பிந்தைய பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள்.

அந்த லெபனான் குரல் வருகிற ‘ரெஜிமென்ட்’ கேட்கும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். அவர் பெயர் துன்யா யூனிஸ். அட்டையில் ‘துன்யா யூசின்’ என்று அச்சாகியிருந்தது. அதாவது, வெளியான நாளிலிருந்து உலகம் முழுக்க அவர் குரலைக் கேட்டவர்கள் தேடப் போனால் இல்லாத ஒரு ஆளைத்தான் தேடியிருப்பார்கள். ஈனோ, பைர்ன் இருவரையும் நான் திட்டவில்லை, எங்கிருந்து எடுத்தோம் என்று அட்டையிலேயே சொன்னார்கள், அந்தக் காலத்தில் அதையும் பலர் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு எழுத்துப் பிழைக்கு இவ்வளவு நீளமான நிழல் விழும் என்பது பத்திரிகைக்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அமெரிக்கப் பாடகர் பால் சைமன் கதை இதற்கு நேர் எதிர். 1984இல் யாரோ கொடுத்த ஒரு கேசட், தென்னாப்பிரிக்க அக்கார்டியன் பாட்டுகள், வாசித்தவர் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. விடாமல் விசாரிக்கச் சொல்லி, ஜோகன்னஸ்பர்க்வரை ஆள் வைத்துத் தேடி, அது போயோயோ பாய்ஸ் என்ற குழு என்று கண்டுபிடித்து, 1985இல் நேராக அங்கே போய்ப் பதிவு செய்ததுதான் ‘கிரேஸ்லேண்ட்’ ஆனது. நிறவெறி ஆட்சிக்கு எதிரான கலாசாரப் புறக்கணிப்பை மீறிவிட்டார் என்று பெரிய சண்டை நடந்தது, அதில் எனக்கும் இரண்டு மனம்தான், அதை இங்கே இழுக்கவில்லை. ஆனால் அந்த ஆல்பத்திலிருந்து எனக்குக் கிடைத்த பெயர் பகிதி குமாலோ. அவருடைய பாஸ் கிடாரைக் கேட்ட பிறகு மற்ற பாஸ் கிடார்கள் எல்லாம் தூங்கி வழிவதுபோல் இருந்தன கொஞ்ச நாள்.

டேவிட் பைர்னை விட்டு வந்துவிட்டேன். அவர் 1988இல் லுவாக்கா பாப் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். அது 2021இல் வெளியிட்ட ‘பிராமிசஸ்’ கடந்த பத்தாண்டில் நான் அதிகம் போட்டுக் கேட்ட ஆல்பம். ஃபுளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற பெயரில் எலெக்ட்ரானிக் இசை செய்யும் ஆங்கிலேயர் சாம் ஷெப்பர்ட், லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா, இவர்களோடு ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸஃபோன். 46 நிமிடம். ஒரு சின்னச் சுரக்கோவை மாறாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர் அதன்மேல் அவசரமே இல்லாமல் ஊதுவார், ஓர் இடத்தில் வாத்தியத்தை வைத்துவிட்டு வாயாலேயே ஏதோ முனகுவார். நடுவில் போன் அடித்தால் போச்சு, திரும்ப ஆரம்பத்திலிருந்துதான் போட வேண்டும். அடுத்த ஆண்டு சாண்டர்ஸ் போய்விட்டார்.

சாண்டர்ஸின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருஷம் பின்னால் போனால் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, 1971. ஆலிஸ் கோல்ட்ரேனின் ஆல்பம், அவர் ஹார்ப், சாண்டர்ஸ் சாக்ஸஃபோன், செசில் மெக்பீ டபுள் பாஸ், துளசி தம்புரா. ஜாஸ் ஆல்பம் தம்புராவோடு ஆரம்பிக்கிறது, பாஸ் ஐந்தாறு சுரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது, அப்புறம் ஹார்ப் கொட்டுகிறது. கணவர் ஜான் கோல்ட்ரேன் இறந்த துக்கத்தில் இருந்தவர் ஒரு குருவைத் தேடிக்கொண்டார், அவர் பெயரைத்தான் ஆல்பத்துக்கு வைத்தார். யார் அந்த சச்சிதானந்தா? நம் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த ராமசாமி. 1969இல் வுட்ஸ்டாக் ராக் விழாவின் தொடக்கத்தில், லட்சக்கணக்கான இளைஞர்களின் முன்னால் காவி உடையில் உட்கார்ந்து பேசினாரே, அவரேதான். கோவைக்காரர்களிடம் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

இங்கிலாந்துக்காரர் ஒருவரின் பட இசையில் ஆரம்பித்து, பின்னட்டைப் பெயர்களை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, செட்டிபாளையம் வந்துவிட்டேன். பாட்டுக் கேட்கிற எந்த ஆப்பும் இந்த வழியில் கூட்டிக்கொண்டு போகாது. நான் எதைக் கேட்டேனோ அதே மாதிரி இன்னும் பத்தை அது நீட்டும். மூன்று புள்ளியை அழுத்தி உள்ளே போய்த் தேடினால் கிரெடிட் என்று ஒன்று வரும், அதிலும் பல சமயம் பாடியவர், எழுதியவர், தயாரித்தவர் பெயரோடு சரி. தம்புரா துளசிக்கு அங்கே இடமில்லை.

நம் ஊரிலும் இதே கதைதான். சினிமாக் கேசட்டுகளில் பாடகர், பாடலாசிரியர் பெயர் இருக்கும், புல்லாங்குழல் வாசித்தவரை யாரும் கேட்கவில்லை. ஏ.ஆர். ரகுமான் வாத்தியக்காரர்களின் பெயரைப் போட ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு அவர்கள் இருப்பதே தெரிந்தது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) கேட்டு உருகுகிறவர்களில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? மும்பையில் சினிமா ரெக்கார்டிங்குகளில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982இல் ஜப்பானிய சின்தசைசர்களை வைத்து ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று ஒரு ரெக்கார்டு போட்டார், விலைபோகவில்லை. சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னாலேயே, அதற்கு அடையாளமான அதே இயந்திரத்தில் பைரவ் ராகம் வாசித்திருக்கிறார். 2010இல் வெளிநாட்டுக்காரர்கள் மறுபதிப்புப் போட்ட பிறகு எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பாவில் மேடையேறினார். பாட்டைக் கேட்டால் போதாதா, பெயர் எதற்கு என்பார்கள் சிலர். பெயர் இருந்ததால்தானே அந்த மனிதரைக் கண்டுபிடித்து மேடையேற்ற முடிந்தது?

இடமில்லை என்று நீங்கள் சொல்லலாம். டிசம்பரில் உங்கள் பத்திரிகையிலேயே சபா வாரியாகப் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், மோர்சிங் என்று அத்தனை பெயரும் பொடி எழுத்தில் வருகிறதே, அதே பொடி எழுத்து இதற்கும் போதும். ஆல்பம், ஆண்டு, வெளியிட்ட நிறுவனம், யார் எதை வாசித்தார்கள், எவ்வளவு நேரம் ஓடும். இரண்டு வரி. சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் எண்பது பேர் இருந்தால் எண்பதையும் கேட்கவில்லை. இன்னும் இடம் வேண்டுமென்றால் அட்டைப்படத்தைச் சின்னதாக்குங்கள், அது ஆப்பிலேயே தெரிகிறது.

அடுத்த வாரம் ‘ஜுனூன்’ (2015) பற்றி எழுதப்போவதாகக் கீழே போட்டிருந்தீர்கள். ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட், இஸ்ரேலிய இசையமைப்பாளர் ஷை பென் சூர், இருவரோடு ‘ராஜஸ்தான் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் கவ்வாலிப் பாடகர்கள், மாங்கணியார்கள் என்ற ராஜஸ்தான் நாட்டுப்புற இசைக்காரர்கள், ஒரு பிராஸ் பேண்ட், எல்லாரும் ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் உட்கார்ந்து பதிவு செய்தது. டிரம்பெட் வாசிப்பவர் ஆமிர் பியானி. தயவுசெய்து கிரீன்வுட்டின் படத்தை மட்டும் போட்டுப் பக்கத்தை முடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி